புகையாத கரி

கோபம் வந்தால் கஸ்தூரி பேசமாட்டாள், அவள் கையில் இருக்கிற பாத்திரம்தான் பேசும் என்று அடி அண்ணாமலையில் சொல்வார்கள். பொய். இரண்டுமே பேசும். அன்றைக்குக் காலையில் அவள் புருஷன் பலராமன் டிவிஎஸ் ஃபிப்டியின் பின்னால் ஒரு கரி மூட்டையைக் கட்டிக்கொண்டு தூறலில் நனைந்தபடி வந்து இறங்கியபோது, அவள் கையில் சோற்றுக் குண்டான் இருந்தது. அதைக் கீழே வைத்த வைப்பில் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னாதுங்க இது?"

"பாத்தா தெரியல? கரி. டவுன்லேர்ந்து எடுத்தாறேன்."

"கொல்லையில வேலிக்காத்தான் வெறகு ஆள் உசரத்துக்கு அடுக்கிக் கெடக்குது. கரி எதுக்கு?"

"கீதா ரூமுக்குக் கணப்பு போடத்தான். ஒவ்வொண்ணுக்கும் உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

கீதா என்கிற கீதாஞ்சலி பலராமனின் ஒரே தங்கச்சி. ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, வீட்டுக்கு அழைத்து வந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கார்த்திகை. மலை உச்சியில் தீபம் எரிகிறதா அணைந்துவிட்டதா என்றே தெரியாத அளவுக்கு மேகம் கவிந்து கிடந்தது. கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் நடந்தால் கால் விறைத்துப் போனது. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி இருக்கிற அறைக்குக் கணப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் வாக்குவாதமில்லை. விறகா, கரியா என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

அதற்கும் காரணம் அந்த அறைதான். ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு அறையை வெள்ளைக்காரர்களுக்கு விட்டு மாசம் என்ன வாடகை வாங்குகிறார்கள் என்று கேட்டதிலிருந்து பலராமனுக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டுக்கு முன்னாலேயே பாதையோரம் கலர் சோடாவும் பிஸ்கட்டும் விற்கிற கடைக்காரன் அவன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பழைய ஓட்டு வீட்டை ஒட்டி, கான்கிரீட் தளம் போட்டு ஒரு அறை எழுப்பினான். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, அதற்கு வெளியே கண்ணாடிக் கதவு. சுவருக்கு வெளிர்நீல டிஸ்டெம்பர். அந்தச் சுவரில் யாராவது சாய்ந்தால் அவனுக்கு உயிர் போய் உயிர் வரும். தங்கச்சி மேல் பாசம் இல்லாமல் இல்லை. அந்தப் புது அறையைத்தான் அவளுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தான். ஆனால் சுவர் மேல் பாசம் அதைவிட ஒரு பிடி ஜாஸ்தி.

"வெறகு போட்டா பொகை அடிச்சி செவுரு கருத்துடும். தை மாசம் ரூம் பாக்க ஆள் வராங்க. அடுப்பங்கரை மாதிரி செவுத்தக் காட்டச் சொல்றியா?"

"வெறக உள்ள எவ போடச் சொன்னா? வாசப்படிக்கு வெளியில மூட்டுவோம். கதவத் தெறந்து வெச்சா அனல் உள்ள போவும், பொகை வெளிய போவும்."

"கதவத் தெறந்து வெக்கறதா!" என்று ஒரு குரல் வந்தது. மாமியார் காசியம்மாள். எங்கே இருந்தாலும் சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்கிற குரல் அது. "பச்ச உடம்புல காத்து பட்டா ஜன்னி கண்டுடும்டி. கொழந்த கண்ணுல பொகை பட்டா என்னாவறது? நானும் ரெண்டு பெத்தவதான். ரெண்டு பேறுக்கும் கரிக் கணப்புலதான் காஞ்சேன். எம் புள்ளைங்களுக்கு இன்னா கொறஞ்சி போச்சி?"

அவள் சொன்னது நிஜம்தான். ஆனால் அவள் பெற்றது ஓலை வீட்டில். நாலு பக்கமும் காற்று கேட்காமல் வரும், கேட்காமல் போகும். அந்த வீட்டில் கரி மூட்டலாம், கோயில் யாகமே வளர்க்கலாம். இந்த அறைக்கோ கண்ணாடியைச் சாத்திவிட்டால் எறும்பு நுழைய வழியில்லை. இந்த வித்தியாசம் காசியம்மாளுக்கும் தோன்றவில்லை, பலராமனுக்கும் தோன்றவில்லை. உள்ளதைச் சொல்லவேண்டும், கஸ்தூரிக்கும் தோன்றவில்லை. மனுஷியைவிடச் சுவர் பெரிதாகப் போயிற்றே என்ற எரிச்சலில்தான் அவள் விறகு விறகு என்று கத்தினாள்.

ஒருத்தி கத்தி இருவர் கேட்பார்களா? கரிதான் ஜெயித்தது.

கும்முட்டி அடுப்பில் கரியைப் போட்டு விசிறி, கங்கு கனிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். புகையும் இல்லை, நெடியும் இல்லை. அறை கதகதவென்று ஆனது. "பாத்தியா?" என்று பலராமன் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கே அந்தக் கங்கை எடுத்து அவன் கையில் வைத்திருக்கலாம். காசியம்மாள் பழம்புடவையைக் கிழித்துக் கதவுக்கு அடியில் திணித்தாள். ஜன்னல் இடுக்கிலும் திணித்தாள்.

மறுநாளே கீதாவுக்குத் தலைவலி. "மண்ட ரெண்டா பொளக்குது அண்ணி," என்றாள். பத்தியச் சோற்றை வாயில் வைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றால் கிறுகிறுவென்றது. கஸ்தூரி குழந்தைக்குத் துணி மாற்ற உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அவளுக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது. வெளியே வந்து குழாயடியில் நின்றால் சரியாகிவிட்டது. மறுபடி போனாள், மறுபடி வலித்தது. மாமியாரிடம் சொன்னாள்.

"அத்த, அந்த ரூம்ல உக்காந்தாலே தல வலிக்குது. என்னமோ ஆவல. கொஞ்சம் ஜன்னலத் தெறப்போம்."

"வேல செய்ய வலிக்குதுன்னு சொல்லு," என்றாள் காசியம்மாள். "ஜன்னி தலைக்கு ஏறுது அவளுக்கு. அதான் வலி, அதான் வாந்தி. சூடு பத்தல." சொல்லிவிட்டு இன்னும் நாலு கை கரியை அள்ளிப் போட்டாள். அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்துத் தாய்க்கும் பிள்ளைக்கும் சுற்றிக் கங்கில் போட்டாள். யார் கண்ணோ பட்டிருக்கிறது என்றாள். யார் கண் என்று சொல்லவில்லை. சொல்லாமலே வீட்டில் இருக்கிறவர்களுக்குப் புரிந்தது.

ஏனென்றால் கஸ்தூரிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், மடியில் ஒன்றும் தங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து, கஸ்தூரி திணித்த துணியைப் பிடுங்கிப் போட்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஈரக்காற்று உள்ளே வந்தது. "அப்பாடா," என்று கீதா கண்ணைத் திறந்தாள். அண்ணியும் நாத்தனாரும் ரகசியமாகச் சிரித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், ஈரத் தலையோடு காசியம்மாள் வந்து நின்றாள்.

என்ன ஆட்டம் ஆடினாள் என்கிறீர்கள்! கஸ்தூரியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டாள். ஜனம் நடமாடுகிற கிரிவலப் பாதை. சந்திரம்மாள் வேலியோரம் நிற்கிறாள், பால்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டான், எதிர்க்கடையில் டீ குடிக்கிறவர்கள் கிளாஸோடு திரும்புகிறார்கள்.

"கேட்டுக்கிங்க சாமி! தனக்குத்தான் குடுப்பன இல்ல, பெத்தவளையும் கொல்லப் பாக்குறா! பச்சக் கொழந்த மேல காத்தத் தெறந்து வுடுறாளே, இவ பொம்பளையா? பொறாம புடிச்ச பேயி! இவ கண்ணு பட்டுத்தான் எம் பொண்ணு படுத்துக் கெடக்குறா!"

கஸ்தூரி புருஷனைப் பார்த்தாள். பலராமன் கடை வாசலில் சோடா பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தான். கீதா வாந்தி எடுத்தால் கையேந்திப் பிடிக்கிறவள் யார், குழந்தையின் மூத்திரத் துணியை முகம் சுளிக்காமல் அலசுகிறவள் யார் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லலாம். 'அம்மா, உள்ள போ' என்றாவது சொல்லலாம். சொல்லவில்லை. குனிந்து, துடைத்த பாட்டிலையே மறுபடி துடைத்தான்.

அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. "சரி," என்றாள். "இனிமே அந்த ரூம் வாசப்படிய நான் மிதிச்சா என்னைச் செருப்பால அடிங்க. எக்கேடோ கெட்டுப் போங்க!"

உள்ளே போய்ச் சமையற்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அம்மிக்கல்லில் மிளகாயை வைத்து அரைத்தாள். மிளகாய் மசிந்த பிறகும் அரைத்தாள். அழுகை வந்ததா என்றால் வந்தது. அதையும் சேர்த்தே அரைத்தாள்.

காசியம்மாள் அதோடு விட்டாளா? மத்தியானம் கீதாவுக்கு வாந்தி நிற்கவில்லை என்றதும், அடி அண்ணாமலையார் கோயிலில் விபூதி மந்திரித்து வாங்கி வரக் குடையை எடுத்தாள். போகிறவள் கும்முட்டி நிறையக் கரியைக் குவித்தாள். ஜன்னல் இடுக்கில் பழையபடி துணி திணித்தாள். கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாள் போட்டு, அதில் பூட்டும் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பொறாமைக்காரி மறுபடி உள்ளே போய்விடக்கூடாதாம். மகளையும் பேத்தியையும் காப்பாற்ற அவள் செய்த ஏற்பாடு அது.

மழை வலுத்தது. கஸ்தூரி அடுப்பில் பூண்டுக் குழம்பைக் கொதிக்கவிட்டு, வேண்டுமென்றே அறைப்பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'அழுதா அழட்டும், நான் போவ மாட்டேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தக் குழந்தை நேரம் தப்பாமல் பாலுக்கு அழும். தெருக்கோடிவரை கேட்கிற குரல். அழப்போகிறது, அழப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு, போகமாட்டேன் என்று வீம்பையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, குழம்பு வற்றி அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் உறைத்தது. குழந்தை அழவேயில்லை.

"கீதா!" என்று இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள்.

பதில் இல்லை. தூங்குகிறாள் போல. தூங்கினால் தூங்கட்டும். போய்க் கதவைத் தட்டினால் அந்தப் பேய் வந்து என்ன சொல்லுமோ. இந்த ஈரக்காற்றில் திறந்துவிட்டு, குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தால்கூட, ஆயுசுக்கும் நான்தான் கொன்றேன் என்று ஊர் சொல்லும். வேண்டாம். நமக்கென்ன.

"ஏ கீதா!"

எழுந்துவிட்டாள். செருப்படி பட்டாலும் படட்டும் என்று ஓடினாள். கதவில் பூட்டு தொங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. மாட்டைக்கூடக் கயிற்றில்தான் கட்டுவார்கள், பிள்ளை பெற்றவளைப் பூட்டியா வைப்பார்கள்? ஜன்னல் பக்கம் ஓடிக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். கட்டிலில் கீதா ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் திறந்திருந்தது. குழந்தை அவள் கைமேல் கிடந்தது. அடுப்பில் கங்கு நல்ல சிவப்பாக, அழகாக, துளிப் புகை இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினாள். இரண்டில் ஒன்றும் அசையவில்லை.

கொல்லையில் தென்னைக்குக் குழி வெட்டின கடப்பாரை கிடந்தது. ஓங்கி ஒரே போடு. கண்ணாடி சுக்கு நூறாகிச் சிதறியது. கை கிழிந்தது. இன்னொரு கண்ணாடிக் கதவுக்கு இன்னொரு போடு. உள்ளேயிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. "சந்திரம்மாக்கா! ஓடியாக்கா!" என்று அலறிக்கொண்டே முன்பக்கம் வந்து, தாழ்ப்பாளுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். புதுக்கதவு, புதுத் தாழ்ப்பாள், பிடிவாதம் பிடித்தது. பிடிவாதத்தில் அவளை ஜெயிக்கவா முடியும்? மரத்தோடு பெயர்ந்து வந்தது.

குழந்தையை அள்ளிச் சந்திரம்மாளிடம் கொடுத்தாள். கீதாவின் அக்குளில் கை கொடுத்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டாள். சாரல் கீதாவின் முகத்தில் விழுந்தது. கஸ்தூரி அவள் கன்னத்தில் பளார் பளார் என்று அறைந்தாள். "எந்திரிடி! எந்திரிடி பாவி! நீ செத்தா என்னைத்தான்டி சொல்லுவாங்க!" என்று கத்தினாள். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

சந்திரம்மாள் குழந்தையைக் குப்புறப் பிடித்து முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலில் சுண்டினாள். ரொம்ப நேரம் கழித்துப் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் வந்தது. பிறகு அழுகை.

சத்தம் கேட்டு பலராமன் கடையிலிருந்து ஓடிவந்தான். வந்தவன் முதலில் பார்த்தது எதை என்று நினைக்கிறீர்கள்? ஜன்னலை.

"ஐயோ, கண்ணாடிய ஏன்டி ஒடச்ச?"

"யோவ்!" என்றாள் கஸ்தூரி. ஆறு வருஷத்தில் அப்படி அவள் கூப்பிட்டதில்லை. கையில் கடப்பாரை இருந்தது. "உன் தங்கச்சி சாவக் கெடக்குறா, உனக்குக் கண்ணாடியா? போய் ஆட்டோ புடிய்யா! இல்ல, இதே கடப்பாரையால உன் மண்டையையும் ஒடப்பேன்!"

பலராமன் அப்போதுதான் தங்கச்சியைப் பார்த்தான். முகம் வெளிறிப் போய் மழையில் ஓடினான்.

டவுன் ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். விபூதிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய், சேதி கேட்டு அங்கேயிருந்து அலறியடித்துக்கொண்டு காசியம்மாள் வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை டாக்டரம்மா வந்து, இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டு, பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார்.

"கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டுக் கரி போட்டீங்களா? அது விஷக்காத்தும்மா. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது. விறகா இருந்தா புகை தாங்காம நீங்களே கதவைத் திறந்திருப்பீங்க. தலைவலி, வாந்தின்னு அந்தப் பொண்ணு சொல்லியும் இன்னும் கரி போட்டிருக்கீங்களே! கொஞ்சம் லேட்டாயிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும். ஜன்னலை உடைச்சது யாரு?"

பலராமன் தரையைப் பார்த்தான். காசியம்மாள் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். கடைசியில் கட்டிலில் கிடந்த கீதாதான் விரலைத் தூக்கிக் காட்டினாள். கையில் கட்டோடு சுவரோரம் நின்றிருந்த கஸ்தூரியை டாக்டரம்மா ஒரு தரம் பார்த்துவிட்டு, "நல்ல வேலை செஞ்சம்மா," என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போனார்.

 மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, இங்கே மருமகள் உடைத்ததற்கு யாரும் கணக்குக் கேட்க முடியவில்லை. காசியம்மாள் எழுந்தாள். தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு கஸ்தூரியிடம் வந்து நீட்டினாள்.

"இந்தா, புடி. நீ கொஞ்ச நேரம் வெச்சிரு."

அதோடு எல்லாம் தீர்ந்தது என்று அவள் கணக்கு. கஸ்தூரி கையைக் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் அத்த. என் கண்ணு பட்டுடும்."

"ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டேன். மனசுல வெச்சிக்காத, வுடு."

"எப்படி வுடுறது? தெருவுல இழுத்தாந்து, ஊரக் கூட்டிச் சொன்னீங்க. சந்திரம்மாக்கா கேட்டாங்க, பால்காரன் கேட்டான், டீ குடிக்க வந்தவன் எல்லாம் கேட்டான். இப்போ ஆஸ்பத்திரியில காதோட காதா வுடுன்னா வுட்டுடணுமா?"

காசியம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். கீதா அம்மாவைப் பார்க்காமல், "சொல்லும்மா," என்றாள்.

"தப்புதான்," என்றாள் காசியம்மாள். உதடு அசைந்த அளவுக்குச் சத்தம் வரவில்லை.

"காதுல வுழல."

"அதான் தப்புன்றேனே..."

"நேத்து எவ்ளோ சத்தம் இருந்திச்சோ அவ்ளோ சத்தம் வேணும் அத்த. அதுல கம்மியா இருந்தா கொழந்தைய நான் வாங்க மாட்டேன்."

 காசியம்மாளுக்கு வந்தது கோபமா, அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கத்து கத்தினாள்.

"எம் மருமவ மேல பழி போட்டது தப்பு! நான்தான் கரியக் கொட்டிப் பூட்டிட்டுப் போனேன்! அவ இல்லன்னா இன்னிக்கு எம் பொண்ணுக்கும் பேத்திக்கும் நான் பால் ஊத்தியிருப்பேன்!"

வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கோடியிலிருந்து நர்ஸ், "யாரும்மா அது, சந்தையா இது?" என்று அதட்டினாள். கஸ்தூரி கட்டிய கையை அவிழ்த்துக் குழந்தையை வாங்கினாள். மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இதுதான் சமயம் என்று பலராமன் பக்கத்தில் வந்தான். "கஸ்தூரி, நானும் நேத்து..."

"நீங்க பேசாதீங்க," என்றாள் அவள், குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவங்க தெரியாம கத்துனாங்க. எல்லாம் தெரிஞ்சும் நீங்க சும்மா நின்னீங்க."